கோட்டுக்கு ஒரு நூல் கீழே

அத்தியாயம் பதினான்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குட்டி சாப்பாட்டு மேசைமேல் வைத்த கவர், ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டு நாளாக அந்த வீட்டுப் பெண்கள் இருவரும், மேசையின் அந்தப் பக்கம் ஏதோ மலைப்பாம்பு சுருண்டு படுத்திருப்பதுபோல, இந்த ஓரத்தில் தட்டை வைத்துக்கொண்டு ஒடுங்கிச் சாப்பிட்டார்கள். தண்ணீர் ஜாடிகூட அந்தப் பக்கம் போகப் பயப்பட்டது.

கவர் ஒன்றும் பெரிசில்லை. உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம். முன்பக்கம் 117 என்று ஓர் எண். பின்பக்கம், ஒட்டிய மடிப்புக்குக் குறுக்கே ஒரு கையெழுத்து. இருபத்துநான்கு வருஷத்துக்கு முன் போட்டது. போட்டவள் சராசரி.

சராசரி என்பது அவளுடைய அக்கா வைத்த பெயர். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "போன வாரத்துச் சராசரிக்குக் கொஞ்சம் மேல" என்று பத்து வயதில் பதில் சொன்ன பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயர் தெரியாது; மீதிப் பாதி, இதுதான் நிஜப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தது. இப்போது வயது ஐம்பத்தொன்பது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் புள்ளியியல் துறைத் தலைவி. அடுத்த மாதம் ஓய்வு.

அவளுடைய காலத்துக்கு முன்னால் டாக்டர்கள் எப்படி இருந்தார்கள் என்றால், அடுப்பில் வைத்த பாத்திரத்தை நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்க்கிற புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார்கள். புது மருந்து கொடுத்த பத்துப் பேரில் எட்டுப் பேர் எழுந்து உட்கார்ந்தால் போதும், வெற்றி என்று கொடியேற்றிவிடுவார்கள். அடுத்த பத்துப் பேரில் எட்டுப் பேர் படுத்துவிடுவார்கள். கொடியை இறக்க ஆள் கிடைக்காது.

"காசைச் சுண்டிக்கிட்டே இருந்தா, என்னிக்காவது ஒருநாள் தொடர்ந்து ஆறு தடவை தலை விழும். அந்த நேரம் பாத்து நிறுத்திட்டா, காசுக்குப் பூவே கிடையாதுன்னு சத்தியம் பண்ணலாம்" என்பது சராசரியின் வாதம். அதற்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம் சுலபமானது. ஆய்வு நடக்கும்போது நடுவில் மூன்றே மூன்று நாள்தான் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். தேதிகளை முதலிலேயே குறித்துவிட வேண்டும். ஒவ்வொரு பார்வை நாளுக்கும் ஒரு கோடு. பழைய மருந்துக்கும் புது மருந்துக்கும் உள்ள வித்தியாசம் கோட்டைத் தாண்டினால் ஆய்வை அன்றே நிறுத்தி, எல்லோருக்கும் நல்ல மருந்தைக் கொடுத்துவிடலாம். தாண்டவில்லையென்றால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த பார்வை நாள்வரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் கோடு இல்லாமல் இன்றைக்கு உலகத்தில் ஒரு மாத்திரைகூடத் தொண்டைக்குள் இறங்காது என்று குட்டி பெருமையடிப்பாள். கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் ரொம்பக் கூடுதல் இல்லை.

குட்டி, அக்காவின் மகள். வயது முப்பத்தொன்று. பெரிய ஆஸ்பத்திரியில் ஆய்வு நர்ஸ். ஒரு வார்டு நிறைய ஆட்களை ஒற்றைப் புருவத்தால் அதட்டி மருந்து சாப்பிட வைக்கிறவள். வீட்டுக்கு வந்தால் குட்டிதான். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அக்கா ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து குட்டி சித்தி வீட்டில் வளர்ந்தவள்.

சராசரியின் கோட்டை முதன்முதலில் வைத்துப் பார்த்த ஆய்வில், மொத்தம் இருநூற்று நாற்பது நோயாளிகளில், 117 என்பது அக்காவின் எண்; அவளுக்கு எந்த மருந்து என்ற சீட்டு அந்தக் கவருக்குள்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வண்டி வருது சித்தி" என்றாள் குட்டி. "பதிவேட்டு அறையில இருக்கற பழைய ஆய்வுப் பெட்டியெல்லாம் அரைக்க எடுத்துட்டுப் போறாங்க. கவர் ஒண்ணு குறைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும். இன்னிக்குப் பிரிங்க. இல்ல, வேண்டாம்னு சொல்லுங்க."

சராசரி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நறுக்கினால் எல்லாத் துண்டும் ஒரே நீளம். ஸ்கேல் வைத்துப் பார்த்துச் சரியாக வரவில்லையென்றால் ஸ்கேலைத்தான் மாற்ற வேண்டும்.

"நீயே பிரிக்க வேண்டியதுதானே."

"கையெழுத்து உங்களோடது. அதோட, நீங்க பக்கத்துல இருக்கும்போது பாக்கணும்னு இருக்கு. எங்கம்மா எந்த மருந்தைச் சாப்பிட்டுட்டுச் செத்தாங்கன்னு தெரிஞ்சுக்கற வயசு எனக்கு வந்துடுச்சு."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சு ஒண்ணுமில்ல. தெரிஞ்சுக்கணும். நீங்களும் கடைசி வரைக்கும் எதையும் பாக்காதவங்கதானே. ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்."

கத்தி நின்றது.

சராசரி இருபத்துநான்கு வருஷமாகத் தள்ளிப் போட்ட பேச்சு, கால் கிலோ பீன்ஸுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று அவள் யோசித்தது நிஜம். நாளைக் காலை எட்டு மணி என்ற ஒன்று இல்லாவிட்டால் தள்ளியும் போட்டிருப்பாள்.

"நான் பாத்தேன் குட்டி."

"எதை?"

"கணக்கை. ரெண்டாவது பார்வை நாள் அன்னிக்கு. அறைக்குள்ள நானும் கம்ப்யூட்டரும்தான்."

குட்டி சிரித்தாள். "நடுவுல பாக்கற ஆள் வேறயா இருக்கணுமே. நீங்கதானே அந்த விதியை எழுதினீங்க. அதைத்தானே நான் புதுப் பொண்ணுங்களுக்கு வருஷா வருஷம் கத்துக் குடுக்கறேன்."

"அப்புறம்தான் எழுதினேன். அந்த முதல் ஆய்வுல வேற ஆள் கிடையாது. சொந்தக்காரங்க ஆய்வுல இருந்தா கணக்குப் பாக்கறவங்க விலகிடணும்னு மட்டும் அப்பவே எழுதியிருந்தேன்."

"விலகல."

"விலகறேன்னு உங்கம்மாகிட்டச் சொன்னேன். 'நீ பாக்காத கணக்கை நான் எப்படி நம்பறது? வெளியில நான் உனக்கு அக்கா. உள்ள நான் நம்பர் நூத்திப் பதினேழு. போய் வேலையப் பாரு'ன்னா."

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். அவள் 'போய் வேலையப் பாரு' என்றால், கம்பிக்கு அந்தப் பக்கம் மந்திரி இருந்தாலும் போய் வேலையைப் பார்ப்பார்.

"சரி. பாத்தீங்க. கோடு?"

"தாண்டல. ஒரு நூல் கீழே நின்னுடுச்சு."

"ஒரு நூல்னா எவ்வளவு?"

மருந்துகளின் பெயர் அந்தத் தாள்களில் இருக்காது. ஒரு கூட்டத்துக்கு வட்டம், மற்றதற்குச் சதுரம் என்று குறி போட்டிருக்கும். எந்தக் குறி புது மருந்து என்று கணக்குப் பார்க்கிறவளுக்கும் தெரியாது. ஆனால் செத்தவர்கள் எந்தப் பக்கம் அதிகம் என்று தெரியும். அதை வைத்து மீதியை ஊகிக்க முடியாத அளவுக்குச் சராசரி மக்கு இல்லை.

"சதுரத்துல இன்னும் ஒரு சாவு விழுந்திருந்தா தாண்டியிருக்கும்" என்றாள். "ஒரே ஒரு ஆள். அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். தாண்டாததால மூணாவது பார்வை நாள் வரைக்கும் இருக்கட்டும்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். நாலு மாசம். உங்கம்மா ஏழு வாரத்துல போயிட்டா."

குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. குட்டி போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தாள். அப்படி இறுக்கினால் அடுத்த தலைமுறைதான் திறக்க முடியும்.

"அம்மா சதுரமா?"

"பாக்கல. அந்த வரிமேல ஒரு அட்டையை வச்சு மறைச்சுட்டேன். அட்டை கொஞ்சம் அகலம். மேல ஒரு வரியும் கீழ ஒரு வரியும் சேந்தே மறைஞ்சுது. மூணு பார்வையிலயும் அப்படித்தான் பாத்தேன். கம்ப்யூட்டர் எண்ணிக்கிட்டுது, நான் எண்ணல."

"அப்ப இந்தக் கவர்ல பழைய மருந்துன்னு இருந்தா..."

"அன்னிக்கே நான் நிறுத்தியிருந்தா அவளுக்குப் புது மருந்து கிடைச்சிருக்கும்னு அர்த்தம்."

"புது மருந்துன்னு இருந்தா?"

"நான் நிறுத்தினாலும் நிறுத்தாட்டியும் ஒண்ணுதான்னு அர்த்தம்."

"அதுக்காகத்தான் பிரிக்கல."

"ஆமா."

சராசரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவாள். குட்டி அந்தப் பழக்கத்தை ஏழு வயதிலிருந்து பயன்படுத்தி வந்தவள். இப்போதும் பயன்படுத்தினாள்.

"என்னை வளத்ததும் அதுக்காகத்தானா சித்தி?"

சராசரி கொஞ்ச நேரம் யோசித்தாள். பொய் சொல்ல அல்ல, சரியாகச் சொல்ல.

"முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்திருக்கும். காலையில உனக்குத் தலை வாரும்போதெல்லாம் அதுதான் ஓடும். அப்புறம் உனக்கு முன்பல் ரெண்டும் ஒரே நாள்ல விழுந்துது. நீ 'ஸ' சொல்ல வராம நாள் முழுக்கச் சண்டை போட்ட. அன்னிக்குச் சிரிச்சதுல மறந்துட்டேன். அதுக்கப்புறம் நினைச்சு நினைச்சுப் பாத்தாத்தான் ஞாபகம் வரும்."

இதைக் கேட்டு வேறொரு நாளாக இருந்தால் குட்டி சிரித்திருப்பாள். இன்று எழுந்து போய், ஏற்கனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை இன்னொரு தடவை கழுவினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்து, ஒரு தலை எட்டிப் பார்த்து, மறுபடி மூடிக்கொள்கிற அளவுக்குச் சத்தம் வந்தது.

"பள்ளிக்கூடத்துல எத்தனை ஃபாரம்" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே. "அம்மா கையெழுத்து போடற இடத்துலயெல்லாம் நீங்கதான் போட்டீங்க. அந்தக் கையெழுத்தும் இந்தக் கவர்ல இருக்கற கையெழுத்தும் ஒண்ணுதான்னு இன்னிக்குத்தான் தெரியுது."

சராசரி மீதி பீன்ஸை நறுக்கினாள். துண்டுகள் எல்லாம் கோணலாக விழுந்தன.

பன்னிரண்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. கம்பவுண்டர் மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தொடும் நேரத்தைப் பார்த்துத்தான் அந்தக் கட்டடத்தில் பல பேர் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள்.

அவர் குட்டியின் அப்பா. அக்காவின் கணவர். பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் முப்பத்தாறு வருஷம் நின்றவர். ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் வேர்க்கடலையைக்கூட ஐந்து ஐந்தாக எண்ணித்தான் வாயில் போடுவார். தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா. பேச்சு மட்டும் ரொம்பக் குறைவு. சாப்பாட்டுக்கு முன் நாலு, பின் நாலு என்று டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கியவர்போலத்தான் வார்த்தைகளைச் செலவழிப்பார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை எடுத்துக்கொண்டு தனியாக இருந்தார். மனைவி போன பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் இந்த வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

"என்ன வாத்தியாரம்மா, சௌக்கியமா?" என்றார் வழக்கம்போல.

"சராசரிதான் அத்தான்" என்றாள் அவளும் வழக்கம்போல. இந்த ஜோக்குக்கு அந்த வீட்டில் யாரும் சிரிப்பதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. ஆனால் சொல்லாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமை தொடங்காது.

அவர் உட்கார்ந்தார். தண்ணீர் ஜாடிக்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை, கவரைப் பார்த்துப் பாதி வழியில் நின்றது.

"இது எங்க இருந்து வந்துது?"

"நான்தான்பா எடுத்துட்டு வந்தேன். பிரிக்கப் போறோம்" என்றாள் குட்டி.

கம்பவுண்டர் மகளைப் பார்த்தார். மனைவியின் தங்கையைப் பார்த்தார். இரண்டு முகத்திலும் காலையில் நடந்தது அப்படியே எழுதியிருந்தது. டாக்டர்களின் கையெழுத்தையே படித்து மருந்து கொடுத்தவருக்கு இது எம்மாத்திரம்.

"சாப்பிட்டுட்டுப் பிரிக்கலாம்" என்றார்.

சாப்பிட்டார்கள். எப்போதும் குட்டியின் தட்டில் சித்திதான் பரிமாறுவாள். போதும் போதும் என்று சொல்லச் சொல்ல இன்னொரு கரண்டி விழும். இன்று சராசரி கரண்டியைத் தூக்கியதும் குட்டி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். சராசரி கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தாள். அது ஒரு சத்தமும் போடவில்லை.

கம்பவுண்டர் எல்லாவற்றையும் பார்த்தார்.

தட்டுகளை எடுத்த பிறகு சராசரி கையைத் துடைத்துக்கொண்டு, பழம் நறுக்குகிற சின்னக் கத்தியுடன் வந்தாள். மேசையின் அந்தப் பக்கம் போய் நின்று, இரண்டு நாளில் முதல் தடவையாகக் கவரைக் கையில் எடுத்தாள். எடை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பின்பக்கம் திருப்பினாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள்.

கத்தி மடிப்புக்கு அடியில் போகவில்லை.

"என்ன சித்தி?"

அவள் கையெழுத்தின் கடைசியில் ஒரு வால் உண்டு. நீளமாக, நேராக, கவரின் உடம்பில் தொடங்கி மடிப்பின்மேல் ஏறி முடிகிற வால். யாராவது பிரித்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிப் போட்டது. இருநூற்று நாற்பது கவரில், கை வலிக்க வலிக்கப் போட்டது. அந்த வால் மடிப்பின் ஓரத்தில் உடைந்திருந்தது. மேல்பாதி கீழ்ப்பாதியோடு சேராமல் விலகி நின்றது.

ஒரு நூல்.

"இது ஏற்கனவே பிரிச்சு ஒட்டினது" என்றாள்.

கம்பவுண்டர் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார். திரும்பப் பையிலேயே குத்திக்கொண்டார்.

"கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு வாத்தியாரம்மா உனக்கு."

"நீங்களா அத்தான்?"

"கவர் எல்லாம் வச்சிருந்த பீரோ சாவி எங்கிட்டத்தானே இருந்துது."

"என்னிக்கு? அவ போனதுக்கு அப்புறமா?"

"முன்னாடி. உன்னோட ரெண்டாவது பார்வை நாள் அன்னிக்குச் சாயங்காலம்."

"அன்னிக்குப் பார்வை நாள்னு உங்களுக்கு யாரு சொன்னா? என்னையும் பெரிய டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது."

"நீதான் சொன்ன."

"நான் சொல்லல."

"சாயங்காலம் கவுண்டருக்கு வந்த" என்றார் கம்பவுண்டர். "தலைவலிக்கு மாத்திரை கேட்ட. குடுத்தேன். வாங்கிட்டு, 'அக்கா சாப்பிட்டாளா'ன்னு கேட்ட. தினமும் கேக்கறதுதான். அன்னிக்கு என் முகத்தைப் பாக்காம, தரையைப் பாத்துட்டுக் கேட்ட. ஒரு மருந்து ஜெயிக்குது, ஆனா நீ நிறுத்தப் போறதில்லன்னு எனக்கு விளங்கிடுச்சு."

சராசரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பூட்டிய அறை, பூட்டிய பீரோ, ஒட்டிய கவர், குறுக்கே கையெழுத்து, வட்டம், சதுரம், அட்டை. இத்தனை காவலும் போட்டவள், தன் முகத்துக்கு ஒரு தாழ்ப்பாள் போட மறந்திருந்தாள். தன் முகம் எதையும் சொல்லாது என்று அவள் அறுபது வயதை எட்டும்வரை நம்பிக்கொண்டிருந்தாள். அதை நம்பியது உலகத்தில் அவள் ஒருத்திதான் போல.

"என்ன இருந்துதுப்பா உள்ள?" குட்டியின் குரல் தரையிலிருந்து வந்தது மாதிரி வந்தது.

"பழைய மருந்து."

குட்டி சித்தியைப் பார்க்கவில்லை. அதுதான் சராசரிக்கு வலித்தது. இருபத்துநான்கு வருஷமாகக் கேட்டுவிடக்கூடாது என்று ஓடிய இரண்டு வார்த்தை இவ்வளவு சாதாரணமாக, சாப்பாட்டு மேசையில், ஈரக் கையோடு வந்து விழும் என்று அவள் எந்தக் கணக்கிலும் போட்டு வைக்கவில்லை.

"சரி" என்றாள். "சரி குட்டி. அப்ப அது நான்தான்."

"இரு" என்றார் கம்பவுண்டர். அவருடைய ஒரு வாரத்து வார்த்தைகள் எல்லாம் அன்றைக்கே தீர்ந்துவிடும்போல இருந்தது. "பிரிச்சுப் பாத்துட்டு நான் சும்மா இருந்திருப்பேன்னு நினைக்கிறீங்களா ரெண்டு பேரும்?"

கம்பவுண்டர் தண்ணீர் ஜாடியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அடுத்த கவரையும் பிரிச்சேன். அதுவும் பழசு. அதுக்கடுத்தது புதுசு. நூத்திப் பத்தொன்பது. பாட்டில் எல்லாம் ஒரே மாதிரி, மாத்திரையும் ஒரே நிறம். வித்தியாசம் தெரியக்கூடாதுன்னுதானே அப்படிப் பண்ணி வச்சிருந்தீங்க. மேல ஒட்டின நம்பர் மட்டும்தான் வேற. கதவைச் சாத்திட்டு, ரெண்டையும் தட்டுல கொட்டி, அஞ்சு அஞ்சா எண்ணி, மாத்திப் போட்டேன். அடுத்த மாசமும் அப்படியே."

"அப்ப அக்கா..."

"புது மருந்துதான் சாப்பிட்டா. அன்னி ராத்திரியிலேர்ந்தே. நீ ஆய்வை நிறுத்தியிருந்தா மறுநாள் எதைக் குடுத்திருப்பாங்களோ, அதைத்தான் நான் ஒரு நாள் முன்னாடியே குடுத்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "கேக்கல வாத்தியாரம்மா. எத்தனையோ பேருக்குக் கேட்ட மருந்து, அவளுக்குக் கேக்கல."

அறையில் மூன்று பேரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். வெளியே யாரோ மாடிப்படியில் எதையோ இழுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு படியிலும் அது இடித்தது.

சராசரி மனசுக்குள் ஒரு பெருக்கல் போட்டாள். போட வேண்டும் என்று போடவில்லை. மூச்சு விடுகிற மாதிரி அது தானாக நடந்தது. இருபத்துநான்கு வருஷம், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு. ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டுச் சாப்பாடு. இதே மேசை. இந்தப் பக்கம் ஒருத்தி, அக்காவைக் கொன்றது தன் கோடுதான் என்று விழுங்கிக்கொண்டு. அந்தப் பக்கம் ஒருவர், அப்படி இல்லை என்கிற ஒரே வார்த்தையை விழுங்கிக்கொண்டு. நடுவில் உப்பு எங்கே, தண்ணீர் எங்கே.

"ஏன் அத்தான் சொல்லல?"

"சொன்னா உன் கணக்கு கெட்டுப் போயிடும். ஆய்வையே செல்லாதுன்னு தள்ளிடுவாங்க. அந்த மருந்து வெளிய வராது. உன் பேரும் போயிடும். அவளையும் இழந்துட்டு அதையும் இழக்கணுமான்னு நினைச்சேன்."

"நான்தான் அவளைக் கொன்னுட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன்."

கம்பவுண்டர் அவளையே பார்த்தார். அவருக்கு அது நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மெதுவாக. "நீ சொல்லவே இல்லையே."

குட்டி எழுந்தாள். தண்ணீர் ஜாடியை எடுத்தாள். ஒரு டம்ளரில் ஊற்றிச் சித்தியின் முன்னால் வைத்தாள். பிறகு தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, மேசையின் அந்தப் பக்கத்தில், சித்திக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முழங்கை முழங்கையில் இடித்தது. நகர்த்திக்கொள்ளவில்லை.

சராசரி தண்ணீரைக் குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்துக்கொண்டு, அழுகையை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். பாடம் நடத்தினாள்.

"கணக்கு கெடல அத்தான். நீங்க பயந்தது வீண். ஆளை எந்தப் பக்கம் சேத்தோமோ அந்தப் பக்கத்துலதான் கடைசி வரைக்கும் எண்ணணும். மருந்து மாறிப் போனாலும் சரி, சாப்பிடாம தூக்கிப் போட்டாலும் சரி. அதுதான் விதி. அக்கா பழைய மருந்துப் பக்கம்தான். அந்தப் பக்கம்தான் எண்ணியிருக்கேன். நூத்திப் பத்தொன்பதும் புது மருந்துப் பக்கம்தான். விதிப்படி ஒண்ணும்..."

நின்றுவிட்டாள்.

எத்தனையோ வகுப்பில் சொன்ன விதி. உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற விதி. அது எதை மூடி வைக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அத்தான், அக்கா பாட்டில்ல இருந்த மாத்திரை எங்க போச்சு?"

கம்பவுண்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"கீழ கொட்டலையே நீங்க. மாத்திப் போட்டேன்னீங்க."

"மாத்தித்தான் போட்டேன்."

"அப்ப புது மருந்து வர வேண்டியவ ரெண்டு மாசம் பழசைச் சாப்பிட்டிருக்கா."

"அன்னிக்கு எனக்கு அது வெறும் நம்பர்" என்றார் கம்பவுண்டர். "நம்பரை நம்பராத்தான் பாக்கணும்னு நீதானே எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்த."

குட்டி சித்தியின் முகத்தையே பார்த்தாள். "நூத்திப் பத்தொன்பது யாரு சித்தி?"

யார் என்று சராசரிக்குத் தெரியாது. ஆனால் அந்த வரியைத் தெரியும். அட்டை 116, 117, 118 மூன்றையும் மறைத்தது. அட்டைக்குக் கீழே முதலில் கண்ணில் படுகிற வரி 119தான். மூன்று பார்வையிலும், அக்காவைப் பார்க்காமல் இருப்பதற்காக, அவள் கண் போய் ஒட்டிக்கொண்ட இடம் அதுதான். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள்.

"பெண்" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. "வயசு முப்பத்தாறு. எடை நாப்பத்தெட்டு. வேற நோய் எதுவும் இல்ல. முதல் பார்வையில நல்லா இருந்தா. ரெண்டாவதுல இன்னும் நல்லா இருந்தா."

"மூணாவதுல?"

"மூணாவதுல கடைசிக் கட்டம் காலி. வரவில்லைன்னு போட்டிருந்தது."

"வரவில்லைன்னா?" ஆய்வு நர்ஸுக்கு அது தெரியாமலா இருக்கும். இருந்தாலும் கேட்டாள்.

"கடைசியா வந்த நாள் வரைக்கும் உயிரோட இருந்ததா எண்ணிக்குவோம். அதுக்கு மேல என்ன ஆச்சுன்னு தெரியாது. யாருக்கும் தெரியாது."

குட்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதிவேட்டு அறையில், பெட்டிக்குள், 119ஆம் கவர் இப்போது இருக்கிறது. அதன்மேலும் ஒரு கையெழுத்து, அதிலும் உடைந்த ஒரு வால். நாளைக் காலை எட்டு மணி வரைக்கும் இருக்கும்.

கம்பவுண்டர் எழுந்து நின்றார். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட்டு முடித்து எழுந்து நிற்கிற மாதிரிதான் நின்றார். ஆனால் கதவுப் பக்கம் போகவில்லை. நாற்காலி முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.